அறுபது நானோ விநாடிகள்: ஒரு நியூட்ரினோ வேக அளவீட்டில் பிழை இருந்த இடம்

2011 செப்டம்பரில் ஓபெரா என்னும் ஆய்வுக்குழு ஓர் அளவீட்டை வெளியிட்டது. மின்னூட்டமற்ற, மிக மிகச் சிறிய நிறையுள்ள துகள்களான நியூட்ரினோக்கள் ஒளியைவிட வேகமாகச் சென்றன என்பதே அதன் பொருள். ஒன்பது மாதங்களுக்குள் அந்த முடிவு தவறானது என்பது உறுதியாயிற்று. நாளிதழ்களில் இது சரியாகச் செருகப்படாத ஒரு வடத்தின் கதையாகச் சுருங்கிவிட்டது. ஆனால் வடம் தளர்ந்திருந்ததைக் காட்டிலும், அவ்வளவு கவனமாகத் தொகுக்கப்பட்ட பிழைப் பட்டியலில் அந்தத் தளர்வுக்கு இடமே இல்லாமற்போனது எப்படி என்பதே அளவியலைக் கற்போர் ஆராய வேண்டிய கேள்வி. அந்த நோக்கில் இந்நிகழ்வு தொடக்கம் முதல் முடிவு வரை இங்கே பதிவு செய்யப்படுகிறது. சோதனைகளின் பெயர்களும் அளவுகளும் பொதுவெளியில் உள்ளவை. தனிமனிதர் எவரும் பெயரால் குறிக்கப்படவில்லை.

பின்புலம்

ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் என்னும் துகள் இயற்பியல் ஆய்வகத்திலிருந்து, மத்திய இத்தாலியில் கிரான் சாஸோ மலையின் அடியில், ஏறத்தாழ 1,400 மீட்டர் பாறைக்குக் கீழே உள்ள ஆய்வகத்தை நோக்கி ஒரு நியூட்ரினோக் கற்றை அனுப்பப்பட்டு வந்தது. இடைத்தொலைவு சுமார் 730 கிலோமீட்டர். 400 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய புரோட்டான்கள் கிராஃபைட் இலக்கில் மோதும்போது பயான்கள், கேயான்கள் என்னும் குறுகிய ஆயுளுடைய துகள்கள் பிறக்கும். அவை ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள குழாயில் பறக்கும்போதே சிதைந்து மியூவான் நியூட்ரினோக்களைத் தரும். நியூட்ரினோக்கள் பாறையோடு மிக அரிதாகவே வினைபுரிவதால், பூமியின் உட்புறம் வழியாகவே நேர்கோட்டில் மறுமுனையை அடைகின்றன.

ஓபெரா உணர்கருவி வேகத்தை அளப்பதற்காகக் கட்டப்பட்டதன்று. மியூவான் நியூட்ரினோ ஒன்று வழியில் டௌ நியூட்ரினோ என்னும் வேறு வகை நியூட்ரினோவாக உருமாறியதை நேரடியாகக் காண்பதே அதன் முதன்மை நோக்கம். ஈயத் தகடுகளையும் ஒளிப்படக் குழம்புப் படலங்களையும் மாறி மாறி அடுக்கிச் செய்த ஏறத்தாழ 1,50,000 பொதிகள் அதில் இருந்தன. அவற்றின் மொத்த நிறை சுமார் 1,250 டன். படலங்கள் துகளின் தடத்தை மிக நுட்பமாகக் காட்டும், நேரத்தைக் காட்டா. பொதிகளின் வரிசைகளுக்கிடையே நிறுத்தப்பட்டிருந்த, துகள் கடக்கும்போது ஒளிரும் நெகிழிப் பட்டைகளே நேரத்தைத் தந்தன. வேகத்தை அளப்பதற்காக 2008இல் இரு முனைகளிலும் ஒரே வகையான ஜிபிஎஸ் ஏற்பிகளும் சீசியம் அணுக் கடிகாரங்களும் அமைக்கப்பட்டு, சுவிட்சர்லாந்தின் தேசிய அளவியல் நிறுவனத்தால் அளவுதிருத்தம் செய்யப்பட்டன. பிறகு ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனமும் அவற்றைத் தனியே சோதித்தது. அக்கறையின்மையால் இப்பிழை நேர்ந்தது என்று எண்ணுவோர் இந்த ஏற்பாடுகளை மனத்தில் கொள்ள வேண்டும்.

அளந்த முறை

ஒளி இந்தத் தொலைவைக் கடக்க எடுக்கும் நேரம் ஏறத்தாழ 2.44 மில்லி விநாடி. ஒளியின் வேகத்துக்கும் நியூட்ரினோவின் வேகத்துக்கும் இடையே லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தாலும் அதைக் காண வேண்டுமாயின், இரு முனைகளின் கடிகாரங்களும் சில நானோ விநாடிகளுக்குள் (நானோ விநாடி என்பது விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு) ஒத்திருக்க வேண்டும். தொலைவும் ஒரு மீட்டரைவிட நுட்பமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

தொலைவைப் பொறுத்தவரை பணி மிகச் சிறப்பாக நடந்தது. கிரான் சாஸோ ஆய்வகத்துக்கு வழி ஒரு நெடுஞ்சாலைச் சுரங்கத்தின் நடுவே உள்ளது. சுரங்கத்தின் இரு வாயில்களிலும் ஜிபிஎஸ் மூலம் நிலைப்புள்ளிகள் குறிக்கப்பட்டன. அங்கிருந்து உட்புறம் வரை நில அளவை செய்வதற்காகப் போக்குவரத்தின் ஒரு பகுதி நிறுத்தப்பட்டது. கிடைத்த தொலைவின் நிச்சயமின்மை 20 சென்டிமீட்டர். ஒளிக்கு அது 0.67 நானோ விநாடி. கண்டத்தட்டு ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் நகர்வதும், 2009 ஏப்ரல் 6 அன்று லாக்விலா நகரைத் தாக்கிய நிலநடுக்கம் ஆய்வகத்தை 7 சென்டிமீட்டர் இடம்பெயர்த்ததும் அத்தரவில் தெளிவாகத் தெரிந்தன.

புறப்பாட்டு நேரத்தில் வேறொரு இடர்ப்பாடு இருந்தது. புரோட்டான்கள் 10.5 மைக்ரோ விநாடி நீளமுள்ள நீண்ட துடிப்புகளாக வந்தன. உணர்கருவியில் வினைபுரிந்த நியூட்ரினோவை அத்துடிப்பின் எந்தப் புரோட்டான் தோற்றுவித்தது என்று கூற வழியில்லை. ஆகவே ஒவ்வொரு துடிப்பின் வடிவத்தையும் மின்னோட்டக் கருவியால் பதிவு செய்து, எல்லாவற்றையும் கூட்டிக் கிடைத்த வடிவத்தை, சுமார் 16,000 நியூட்ரினோ நிகழ்வுகளின் நேரப் பரவலோடு பொருத்தி, எவ்வளவு நகர்த்தினால் இரண்டும் சாலப் பொருந்துகின்றன என்று கண்டனர்.

வருகை நேரத்தின் பாதை நீளமானது. மலைக்கு வெளியே தரைமட்டத்தில் இருந்த ஏற்பி ஜிபிஎஸ் நேரத்தைப் பெறும். அங்கிருந்து நேரச் சைகை 8.3 கிலோமீட்டர் நீளமுள்ள ஒளியிழை வடத்தின் வழியே நிலத்தடிக்குச் சென்று, அங்குள்ள தலைமைக் கடிகாரத்தை அடையும். தலைமைக் கடிகாரம் உணர்கருவியின் மின்னணுப் பலகைகளுக்கு நேரத்தைப் பகிர்ந்தளிக்கும். வடத்தைக் கடக்கச் சைகைக்குச் சுமார் 41 மைக்ரோ விநாடி ஆகும். அந்தத் தாமதம் சோதனையின் தொடக்க ஆண்டுகளில் அளக்கப்பட்டது. அப்போது கிடைத்த மதிப்பே பின்னர் வந்த எல்லாக் கணக்கிலும் கழிக்கப்பட்டது.

பகுப்பாய்வு மறைப்பு முறையில் நடந்தது. காலாவதியான பழைய தாமத மதிப்புகளை வேண்டுமென்றே வைத்துக்கொண்டு கணக்கிட்டதால், இடையில் கிடைத்த எண்ணைப் பார்த்து அது ஒளியின் வேகத்துக்கு மேலா கீழா என்று எவராலும் அறிய முடியவில்லை. எல்லா முறைகளும் முடிவான பின்பே உண்மையான திருத்தங்கள் சேர்க்கப்பட்டன. ஆய்வாளரின் எதிர்பார்ப்பு முடிவைச் சாய்த்துவிடாமல் காக்கும் நல்ல வழக்கம் இது. கருவிக்குள் இருக்கும் பிழையை மட்டும் இது காட்டித்தராது. திரை விலகும்போது அப்பிழையும் எண்ணோடு சேர்ந்தே வெளிவருகிறது.

பிழைப் பட்டியல்

பாடநூல்கள் பிழைகளை ஒழுங்கற்ற பிழை, முறையான பிழை என இரண்டாகப் பிரிக்கின்றன. முதலாவது வகை அளவீட்டைத் திரும்பத் திரும்பச் செய்வதால் குறையும். இரண்டாவது எத்தனை முறை அளந்தாலும் அதே திசையில் அதே அளவில் நிற்கும். அதன் அளவை அறிய, பாதையின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே ஆராய்ந்து மதிப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

குழு அதைத்தான் செய்தது. முறையான பிழைகளின் பட்டியலில் பன்னிரண்டு வரிகள் இருந்தன. மிகப் பெரியது புரோட்டான் மின்னோட்டக் கருவியின் அளவுதிருத்தம்: 5.0 நானோ விநாடி. நெகிழிப் பட்டைகளின் நேரத்தைக் கணினியில் போலச்செய்ததற்கு 3.0, அப்பட்டைகளின் துலங்கலுக்கு 2.3, நியூட்ரினோ வினைபுரிந்த இடத்துக்கு 2.0, இரு முனை ஜிபிஎஸ் ஒத்திசைவுக்கு 1.7 என எழுதப்பட்டன. இவை ஒன்றையொன்று சாராதவை என்ற கொள்கையில், வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தபோது மொத்தம் 7.4 நானோ விநாடி வந்தது.

அதே பட்டியலில், கிரான் சாஸோவின் ஒளியிழை வடங்களுக்கு என ஒரு வரி இருந்தது. அதில் எழுதப்பட்ட நிச்சயமின்மை 1.0 நானோ விநாடி.

இந்த வரியில்தான் நிகழ்வு முழுவதும் அடங்கியுள்ளது என்பது என் கருத்து. 1.0 என்பது பொய்யான எண் அன்று. வடம் அளக்கப்பட்ட நாளில், அளந்தவர்கள் பெற்ற மதிப்பு அந்த நுட்பத்துக்கு உண்மையாகவே நம்பத்தக்கதாக இருந்தது. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் எழுதப்படாத ஒரு நிபந்தனை இருந்தது: அளந்த நாளில் இருந்தபடியே வடமும் அதன் இரு முனை இணைப்புகளும் இன்றும் இருக்கின்றன. கூட்டல் கழித்தல் குறிக்குப் பின்னே நிற்கும் எண், அளவீட்டின் நுட்பத்தைச் சொல்கிறது. அந்த நிபந்தனை இன்னும் நிலவுகிறதா என்பதைச் சொல்வதில்லை. திருகு அளவியின் சுழிப்பிழையைப் பருவத் தொடக்கத்தில் ஒருமுறை குறித்துக்கொண்டு ஆண்டு முழுவதும் அதையே கழிக்கும் மாணவரின் நிலையும் இதுவே. கழிக்கும் கணக்கில் தவறு இருக்காது. கழிக்கப்படும் எண்ணே இடையில் மாறியிருக்கக்கூடும்.

கிடைத்த எண்

திரை விலக்கப்பட்டபோது, நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60.7 நானோ விநாடி முன்னதாக வந்ததாகத் தெரிந்தது. ஒழுங்கற்ற பிழை 6.9, முறையான பிழை 7.4. இரண்டையும் இணைத்தால் ஏறத்தாழ 10 நானோ விநாடி; அதாவது விலகல் நிச்சயமின்மையைப் போல் ஆறு மடங்கு. பிழைகள் இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுமாயின், இத்தகைய விலகல் தற்செயலாக நேர நூறு கோடியில் ஒன்றிரண்டு வாய்ப்புகளே உண்டு. துகள் இயற்பியலில் ஒரு கண்டுபிடிப்பை அறிவிக்க ஐந்து மடங்கு போதும் என்பது வழக்கம்.

குழு தன்னால் இயன்ற உட்சோதனைகளைச் செய்தது. பகல் நிகழ்வுகளையும் இரவு நிகழ்வுகளையும், வெவ்வேறு பருவங்களில் கிடைத்தவற்றையும், குறைந்த ஆற்றலுடையவற்றையும் மிகுந்த ஆற்றலுடையவற்றையும் பிரித்துப் பார்த்தனர். எந்தப் பிரிவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வெப்பநிலையோடு மாறும் பிழை ஏதேனும் இருந்திருந்தால் இவை அதைக் காட்டியிருக்கும். பகலிலும் இரவிலும் கோடையிலும் குளிரிலும் ஒரே அளவில் நிற்கும் பிழையை இவ்வகைப் பிரிப்புகளால் காண இயலாது. தரவைத் தரவோடு ஒப்பிடும்போது இரண்டுக்கும் பொதுவான பிழை கழிந்து மறைந்துவிடுகிறது.

வெளியிடும் முடிவு

குழு பல மாதங்கள் காரணம் தேடியது, கிடைக்கவில்லை. மேலும் காத்திருக்க வேண்டும் என்று ஒரு சாராரும், உலகின் முன் வைத்து ஆய்வுக்குக் கோர வேண்டும் என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். 2011 செப்டம்பர் 23 அன்று செர்னில் நடந்த கருத்தரங்கில் முடிவு அறிவிக்கப்பட்டது. அதை விளக்கும் கட்டுரையின் முன்வரைவில் கையெழுத்திட உறுப்பினர்களில் சிலர் மறுத்தனர். கையெழுத்திட்டவர்களும் கோட்பாட்டு விளக்கம் எதையும் அதில் சேர்க்கவில்லை. அறியப்படாத முறையான பிழை இருக்கலாம் என்றும், அதைத் தேடும் பணி தொடரும் என்றும், பிற ஆய்வுக்குழுக்கள் இதைச் சோதிக்க வேண்டும் என்றும் வெளிப்படையாகக் கூறினர்.

இந்த முடிவைப் பலர் பின்னர் கண்டித்தனர். என் மதிப்பீட்டில் வெளியிட்டது தவறன்று. விளக்க முடியாத ஓர் எண்ணைப் பூட்டி வைப்பதைவிட, அதன் பட்டியலையும் முறையையும் முழுமையாக வெளியிட்டு மற்றவரின் பார்வைக்கு உட்படுத்துவது அறிவியலுக்கு நன்மையே. குறை வரிசைமுறையில் இருந்தது. ஒளியின் வேகத்தை மீறிய முடிவை அறிவிக்கும் முன்னர், வடத்தின் தாமதத்தை மறுபடி ஒருமுறை அளந்திருக்கலாம். அதற்குப் புதிய கற்றை வேண்டியதில்லை. நெடுஞ்சாலையை மூட வேண்டியதும் இல்லை.

வெளியிலிருந்து வந்த எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் வானிலிருந்து வந்தது. 1987 பிப்ரவரியில் பெரிய மாகெல்லன் மேகம் என்ற அண்டை விண்மீன் மண்டலத்தில் வெடித்ததாகக் காணப்பட்ட விண்மீனின் நியூட்ரினோக்கள், சுமார் 1,68,000 ஒளியாண்டுகள் பயணம் செய்து, ஒளிக்குச் சில மணி நேரம் முன்னதாகப் பூமியை அடைந்தன. அந்தச் சிறு முந்துதலுக்குக் காரணம் வேகம் அன்று. வெடிக்கும் விண்மீனின் அடர்ந்த உடலிலிருந்து ஒளி வெளிப்பட நேரமாகும் என்பதே. ஓபெரா கண்ட விகிதம், அதாவது லட்சத்தில் 2.5 பங்கு, அவற்றுக்கும் பொருந்துமாயின் அவை நான்கு ஆண்டுகளுக்கும் முன்னதாக வந்திருக்க வேண்டும். விண்மீன் நியூட்ரினோக்களின் ஆற்றல் ஆயிரம் மடங்கு அளவில் குறைவு என்பதால் இந்த ஒப்பீடு முடிவான மறுப்பாகாது. எனினும் வலுவான எச்சரிக்கை.

இரண்டாவது எதிர்வாதம் கோட்பாட்டிலிருந்து வந்தது. ஒளியை மீறும் நியூட்ரினோ வழிநெடுக எலக்ட்ரான்–பாசிட்ரான் இணைகளை உமிழ்ந்து ஆற்றலை இழக்க வேண்டும். அப்படியானால் மிகுந்த ஆற்றலுடைய நியூட்ரினோக்கள் கிரான் சாஸோவை அந்த ஆற்றலோடு அடைய முடியாது. அதே ஆய்வகத்தில் அதே கற்றையைப் பார்த்துக்கொண்டிருந்த இகாரஸ் என்ற சோதனை தன் தரவை ஆராய்ந்து, ஆற்றல் இழப்புக்கு அறிகுறி இல்லை என்று அக்டோபரில் அறிவித்தது.

மூன்றாவதாக, 2007இல் அமெரிக்காவின் மினோஸ் சோதனையும் இதே திசையில் ஒரு சிறு விலகலைக் கண்டிருந்தது. ஆனால் அதன் நிச்சயமின்மை பெரிது, விலகல் இரண்டு மடங்கைக் கூட எட்டவில்லை. இதை ஓபெராவுக்கு ஆதரவாகச் சிலர் எடுத்துக்கொண்டனர். இரண்டு மடங்குக்கு உட்பட்ட விலகலிலிருந்து ஆதரவோ மறுப்போ பெற முடியாது.

மறு அளவீடு: குறுந்துடிப்புகள்

வல்லுநர்கள் பலர் ஐயப்பட்டது நீண்ட துடிப்பின் வடிவத்தை. 10.5 மைக்ரோ விநாடி நீளமுள்ள வடிவத்தைப் பொருத்தி 60 நானோ விநாடியைப் பிரித்தெடுப்பது நம்பத்தக்கதா என்று கேட்டனர். நியாயமான கேள்வி. பட்டியலின் மிகப் பெரிய வரியும் அந்தப் பக்கமே இருந்தது. குழுவின் வேண்டுகோளை ஏற்று, அக்டோபர் இறுதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை செர்ன் வேறு வகைக் கற்றையை அனுப்பியது: ஒவ்வொரு துடிப்பும் சுமார் 3 நானோ விநாடி மட்டுமே நீளம், துடிப்புகளுக்கிடையே 524 நானோ விநாடி இடைவெளி. இப்போது ஒவ்வொரு நியூட்ரினோவும் எந்தத் துடிப்பில் பிறந்தது என்று தனித்தனியே கூற முடிந்தது.

இருபது நிகழ்வுகளே கிடைத்தன. அவற்றின் சராசரி முந்துதல் 62.1 நானோ விநாடி, ஒழுங்கற்ற பிழை 3.7. பதினாறாயிரம் நிகழ்வுகள் தந்ததைவிட இருபது நிகழ்வுகள் நுட்பமான விடையைத் தந்தன. எண்ணிக்கையைப் பெருக்குவதைவிடச் சோதனையின் வடிவமைப்பை மாற்றுவது எவ்வளவு பயன் தரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது.

நவம்பர் 17 அன்று இந்த முடிவு வெளியானபோது, ஓபெராவின் அளவீடு உறுதிப்பட்டது என்றே பரவலாகப் புரிந்துகொள்ளப்பட்டது. உண்மையில் நீங்கியது ஒரே ஓர் ஐயம். துடிப்பின் வடிவம் குற்றமற்றது என்பது மட்டும் நிறுவப்பட்டது. ஜிபிஎஸ் ஏற்பி, வடம், தலைமைக் கடிகாரம், பட்டைகள் என வருகை நேரத்தின் பாதை முழுவதும் முன்பிருந்தபடியே இருந்தது. பழைய அளவீட்டில் அப்பாதையில் எந்தப் பிழை இருந்ததோ அதுவே புதியதிலும் இருந்தது. இரண்டு எண்கள் ஒத்துப்போனதற்குக் காரணமும் அதுவே. தனித்த இரு சோதனைகள் ஒத்துப்போவதற்கும், ஒரே வடத்தைப் பகிர்ந்துகொண்ட இரு சோதனைகள் ஒத்துப்போவதற்கும் உள்ள வேறுபாட்டை அன்று வெளியான செய்திகள் பெரும்பாலும் எடுத்துக்காட்டவில்லை.

டிசம்பரில் கண்டவை

நேரப் பாதையைக் கண்ணி கண்ணியாக மீண்டும் அளக்கும் பணியின்போது, 2011 டிசம்பரில், வடத்தின் தாமதம் பழைய மதிப்பைவிடச் சுமார் 73 நானோ விநாடி கூடுதலாக இருப்பது தெரியவந்தது. தலைமைக் கடிகாரத்தின் பெட்டியில் வடம் சேரும் இணைப்பான் முழுமையாகத் திருகப்படாமல் இருந்தது. அதைச் சரியாக இறுக்கியதும் தாமதம் பழைய மதிப்புக்குத் திரும்பியது.

சிறு இடைவெளி இவ்வளவு பெரிய தாமதத்தை எப்படித் தரும் என்ற கேள்வி எழும். 73 நானோ விநாடியில் ஒளி அந்த இழையில் சுமார் 15 மீட்டர் செல்லும். இணைப்பானில் இருந்த இடைவெளியோ மிகச் சிறியது. தாமதம் ஒளியின் பயணத்தில் நேர்ந்ததன்று. இணைப்பு விலகியிருந்ததால் பெட்டிக்குள் சென்ற ஒளியின் செறிவு குறைந்தது. ஒளியை மின் சைகையாக மாற்றும் ஏற்பி, குறிப்பிட்ட மின்னழுத்த வரம்பைத் தொட்டவுடன்தான் சைகை வந்துவிட்டது என்று பதிவு செய்யும். ஒளி குறைந்தபோது மின்னழுத்தம் மெதுவாக ஏறியது. வரம்பைத் தொடக் கூடுதல் நேரம் பிடித்தது. சைகை முழுவதுமாக நின்றுபோயிருந்தால் அன்றே எவரேனும் கண்டுபிடித்திருப்பர். சற்றே மங்கி, ஆனால் தவறாமல் வந்துகொண்டிருந்ததால் எந்த எச்சரிக்கையும் எழவில்லை.

நேரச் சைகை 73 நானோ விநாடி தாமதித்து வந்ததால் நிலத்தடிக் கடிகாரம் அந்த அளவு பின்தங்கியிருந்தது. பின்தங்கிய கடிகாரம் நியூட்ரினோவின் வருகைக்கு முற்பட்ட நேரத்தைக் குறித்தது. ஒளியை மீறிய வேகம் என்று தோன்றியதற்கு முதன்மைக் காரணம் இதுவே.

அதே தேடலில் இன்னொரு பிழையும் கிடைத்தது. தலைமைக் கடிகாரத்துக்குத் துடிப்பைத் தரும் அலைவி தன் பெயரளவு அதிர்வெண்ணிலிருந்து ஒரு கோடியில் ஒரு பங்கைச் சற்று மீறிய அளவுக்கு விலகியிருந்தது. 0.6 விநாடிக்கு ஒருமுறை கடிகாரம் ஒத்திசைக்கப்பட்டது. இரண்டு ஒத்திசைவுகளுக்கு இடையே பிழை படிப்படியாக வளர்ந்தது. இதன் நிகர விளைவு சுமார் 15 நானோ விநாடி, எதிர்த் திசையில். அதாவது நியூட்ரினோக்கள் உண்மையைவிடத் தாமதமாக வந்ததாகக் காட்டியது. 73இலிருந்து 15ஐக் கழித்தால் எஞ்சுவது 58. ஓபெரா கண்ட முந்துதலுக்கு இது மிக அருகில் உள்ளது.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அலைவியின் பிழையும் 73 நானோ விநாடியாக இருந்திருந்தால், இரண்டும் ஒன்றையொன்று நீக்கி, நியூட்ரினோவின் வேகம் ஒளியின் வேகமே என்ற சரியான விடை கிடைத்திருக்கும். எவரும் வடத்தைத் தொட்டுப் பார்த்திருக்கமாட்டார்கள். எதிர்பாராத விடை வரும்போது மட்டும் கருவியைத் துருவிப் பார்ப்பதும், எதிர்பார்த்த விடை வந்தால் தேடலை நிறுத்திவிடுவதும் அளவீட்டில் மிகவும் ஆபத்தான வழக்கங்கள். ஓபெராவின் பிழை வெளிப்பட்டது. எதிர்பார்த்த விடையின் பின்னால் மறைந்திருக்கும் பிழைகள் வெளிப்படுவதில்லை.

2012 பிப்ரவரி இறுதியில் இரு பிழைகளும் பொதுவெளியில் அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று முந்துதலைக் கூட்டியிருக்கும், மற்றொன்று குறைத்திருக்கும் என்று குழு தெளிவாகவே கூறியது.

மலையைக் கிடையாகக் கடந்த மியூவான்கள்

தளர்ந்த இணைப்பைக் கண்டது மட்டும் போதாது. அது எப்போது தளர்ந்தது? நியூட்ரினோத் தரவு திரட்டப்பட்ட 2009 முதல் 2011 வரையிலான காலம் முழுவதும் அப்படியே இருந்ததா? கடந்த காலத்தின் கடிகாரத்தை இன்று திரும்பச் சென்று அளக்க இயலாது. இக்கேள்விக்குக் கிடைத்த விடைதான் இந்நிகழ்வில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி.

கிரான் சாஸோவில் எல்விடி என்ற மற்றொரு உணர்கருவி, விண்மீன் வெடிப்புகளின் நியூட்ரினோக்களுக்காகப் பல ஆண்டுகளாக இயங்கி வந்தது. ஓபெராவுக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 160 மீட்டர். வானிலிருந்து வரும் மியூவான்கள் (எலக்ட்ரானை ஒத்த, ஆனால் அதைவிடக் கனமான துகள்கள்) பெரும்பாலும் மேலிருந்து கீழே செல்லும். ஆனால் தேரமோ நகரத்தின் திசையில் மலையின் அமைப்பு காரணமாகப் பாறை சற்றுக் குறைவு. அத்திசையிலிருந்து சில மியூவான்கள் ஏறத்தாழக் கிடையாக வந்து இரு கருவிகளையும் கடந்து செல்லும். 2007 முதல் 2012 வரையிலான தரவில் இத்தகையவை 300க்குச் சற்று அதிகமாகக் கிடைத்தன. ஒரே மியூவானை இரு கருவிகளும் பார்த்த நேரங்களின் வேறுபாடு எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அப்படி இல்லை. 2008 ஆகஸ்ட் முதல் 2011 டிசம்பர் வரை அந்த வேறுபாடு 73 நானோ விநாடி நகர்ந்திருந்தது, நிச்சயமின்மை 9. அதற்கு முன்பும் பின்பும் இயல்பாக இருந்தது.

எவரும் இதற்காகத் திட்டமிடாத, வேறு நோக்கத்துக்குத் திரட்டப்பட்ட தரவு, வடம் தளர்ந்த காலத்தையும் அது இறுக்கப்பட்ட காலத்தையும் தனித்துச் சொன்னது. வடத்தின் வழியே செல்லாத ஒரு நேரப் பாதை இருந்ததால்தான் இது இயன்றது.

விளைவு

2012 மார்ச்சில் இகாரஸ், முந்தைய நவம்பரின் குறுந்துடிப்புகளிலிருந்து தான் பதிவு செய்த ஏழு நிகழ்வுகளைக் கொண்டு, விலகல் 0.3 நானோ விநாடி என்று அறிவித்தது. ஒழுங்கற்ற பிழை 4.0, முறையான பிழை 9.0. மே மாதத்தில் செர்ன் மறுபடி குறுந்துடிப்புகளை அனுப்பியது. இம்முறை கிரான் சாஸோவின் நான்கு சோதனைகளும் அளந்தன. ஜூன் 8 அன்று கியோட்டோவில் நடந்த மாநாட்டில் வெளியான முடிவுகள்: போரெக்சினோ 2.7, இகாரஸ் 5.1, எல்விடி 2.9, ஓபெரா 1.6 நானோ விநாடி. எல்லாம் தத்தம் நிச்சயமின்மைக்குள் சுழியோடு ஒத்தவை. திருத்தங்களைச் சேர்த்தபின் ஓபெராவின் பழைய 2009–2011 தரவும் 6.5 என்ற மதிப்பைத் தந்தது. அதன் ஒழுங்கற்ற பிழை மட்டுமே 7.4.

குழுவுக்குள் பிளவு ஆழமாக இருந்தது. தலைமையின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்காமல் அது தோற்றது; எனினும் 2012 மார்ச் இறுதியில் செய்தித் தொடர்பாளராக இருந்த தலைவரும் இயற்பியல் ஒருங்கிணைப்பாளரும் பதவி விலகினர். உணர்கருவியின் முதன்மைப் பணி தடைப்படவில்லை. 2015இல் ஐந்தாவது டௌ நியூட்ரினோ பதிவானதும், உருமாற்றத்தின் நேரடிக் கண்டுபிடிப்பை அதே குழு அறிவித்தது.

மாற்ற வேண்டியவை

முதலாவது, பிழைப் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் மதிப்புக்கும் நிச்சயமின்மைக்கும் அருகில், அது கடைசியாக எப்போது அளக்கப்பட்டது, அதன்பின் அந்தப் பகுதியை எவரேனும் கழற்றி மாட்டினார்களா என்ற இரு குறிப்புகளும் இருக்க வேண்டும். பல ஆண்டுகள் இயங்கும் சோதனைக்கு இது இன்றியமையாதது. 1.0 என்ற எண்ணுக்கு எதிரே பழைய ஆண்டு ஒன்று எழுதப்பட்டிருந்தால், பட்டியலைப் படித்த வெளியாரில் ஒருவராவது அதைக் கேட்டிருக்கக்கூடும்.

இரண்டாவது, கண்ணி கண்ணியாக அளப்பதோடு முழுச் சங்கிலியையும் ஒரே சமயத்தில் சோதிக்கும் அளவீடு ஒன்று வேண்டும். அணுக் கடிகாரம் ஒன்றைத் தரைமட்டத்திலிருந்து நிலத்தடிக்கு எடுத்துச் சென்று ஒப்பிடுவது அத்தகையது. இரண்டாவது இழை வழியாகச் சைகையைத் திருப்பி அனுப்பிச் சுற்றுப் பயண நேரத்தைத் தொடர்ந்து கண்காணிப்பது இன்னும் மேலானது. பகுதிகளைத் தனித்தனியே அளந்து கூட்டும் முறை, பட்டியலில் இடம்பெறாத பகுதியைப் பற்றி எதுவும் சொல்லாது. இணைப்பான்கள் பெரும்பாலும் அப்படி விடுபடுபவை. அவை வடத்தின் வரியிலும் இல்லை, பெட்டியின் வரியிலும் இல்லை.

மூன்றாவது, ஏற்பியை அடையும் ஒளியின் செறிவைப் பதிவு செய்து, அது குறையும்போது எச்சரிக்கும் ஏற்பாடு வேண்டும். வரம்பைத் தொடும் நேரத்தைக் கொண்டு இயங்கும் எந்தக் கருவியிலும் சைகையின் உயரம் நேரத்தை மாற்றும் என்பது மின்னணுவியலில் பழைய செய்தி. 2008 ஆகஸ்டில் செறிவு குறைந்த அன்றே அது பதிவேட்டில் தெரிந்திருக்கும்.

நான்காவது, பக்கத்துச் சோதனையின் தரவை முன்னரே கேட்பது. எல்விடியின் மியூவான்களில் பெரும்பகுதி 2011 செப்டம்பருக்கு முன்பே பதிவாகியிருந்தன. ஒரே மலைக்குள் இயங்கும் இரு குழுக்கள் தம் கடிகாரங்களை இயற்கையே தரும் துகள்களால் ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்வது என்ற எளிய வழக்கம் இருந்திருந்தால், போதிய மியூவான்கள் சேர்ந்த 2009இலோ 2010இலோ 73 நானோ விநாடி நகர்வு வெளிப்பட்டு, நியூட்ரினோ வேகத்தின் முதல் மதிப்பு கணக்கிடப்படுவதற்கு முன்பே அந்த இணைப்பான் இறுக்கப்பட்டிருக்கும்.